முழங்கால் மடக்கிக் கிடந்தவள்

சுனைப்பொத்தைக் குன்றில் மண் தோண்ட ஆள் வேண்டும் என்றதும் முதலில் பெயர் கொடுத்தது முத்துமாரியும் தங்கத்தாயும்தான். அதுவரை இருவரும் நூறு நாள் வேலையில் குளத்தங்கரையில் மண் சுமந்துகொண்டிருந்தார்கள். "அங்கனயும் மண்ணுதான், இங்கனயும் மண்ணுதான். பொத்தையில நிழலாச்சும் இருக்கு" என்றாள் தங்கத்தாய்.

சங்கரன்கோவிலில் இருந்து வாசுதேவநல்லூர் போகிற வழியில் உள்ளே தள்ளி இருக்கிறது சுனைப்பட்டி. ஊரில் இரண்டு தெரு. மேலத்தெருவில் குளத்துப் பாசன வயல்காரர்கள். கீழத்தெருவில் ஆடு மேய்ப்பவர்களும் மானாவாரி விதைப்பவர்களும். ஒரு தெருவில் இருந்து இன்னொரு தெருவுக்குப் பெண் கொடுப்பதில்லை, எடுப்பதில்லை. மற்றபடி பெரிய பகை ஒன்றும் கிடையாது. அறுவடை முடிந்தால் கீழத்தெரு ஆடுகளை எருவுக்காக மேலத்தெரு வயலில் இரவில் அடைத்துக் கிடை போடுவார்கள். டீக்கடை ஒன்று, ரேஷன் கடை ஒன்று, பள்ளிக்கூடம் ஒன்று.

முத்துமாரி மேலத்தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். புருஷன் மகாராஜன் லோடு ஆட்டோ வைத்து, சங்கரன்கோவில் மார்க்கெட்டுக்குப் பூ மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். மகள் தேன்மொழி மூன்றாம் வகுப்பு. தங்கத்தாய் கீழத்தெருக்காரி. பனவடலிசத்திரத்தில் கட்டிக்கொடுத்தார்கள், புருஷன் இன்னொருத்தியோடு போய்விட, தம்பி பேச்சிராஜா வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். வேலைத்தளத்தில் ஆரம்பித்த பழக்கம். ஒருமுறை தேன்மொழிக்குக் காய்ச்சல் கண்டு கண் செருகிப் போனபோது, மகாராஜன் ஊரில் இல்லை. கொட்டுகிற மழையில் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு மெயின் ரோடு வரை ஓடி, பஸ்ஸை மறித்தவள் தங்கத்தாய். அதற்குப் பிறகு முத்துமாரிக்கு அவள் வெறும் சிநேகிதி இல்லை.

பொத்தையின் பாதி உயரத்தில் ஒரு பெரிய பாறை முன்னால் சரிந்து கூரை போல நிற்கும். ஊரில் அதைப் புடவு என்பார்கள். பக்கத்திலேயே வற்றாத சுனை. மழைக்காலத்தில் பேச்சிராஜா அந்தப் புடவுக்குள்தான் ஆடுகளை அடைப்பான். பல்கலைக்கழகத்தில் இருந்து வந்த பிரேமலதா என்ற தொல்லியல் பேராசிரியை, மலையடிவாரத்தைப் பாறை பாறையாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், ஒரு நாள் மழைக்கு அங்கே ஒதுங்கினார். ஆட்டுக் குளம்பு கிளறிப் போட்டிருந்த மண்ணில், விரல் நகம் அளவுக்குச் சீவிய கல் துண்டுகள் கிடந்தன. அடுத்த வருடம் அனுமதி வாங்கி, குழு சேர்த்துக்கொண்டு வந்துவிட்டார். பேச்சிராஜாவிடம் கிடையை வேறு இடத்துக்கு மாற்றச் சொன்னார்கள். அவன் மறுபேச்சு பேசவில்லை. கீழே திறந்த சரிவில் முள் அடைத்து ஆடுகளை நிறுத்திக்கொண்டான்.

தோண்டத் தோண்ட அடுப்புக் கரி வந்தது. கருகிய எலும்பு வந்தது. கல் துண்டுகள் சல்லடை சல்லடையாக வந்தன. பானை ஓடு ஒன்றுகூட இல்லை. "பானை செய்யத் தெரியறதுக்கு முந்தின ஜனங்க" என்றார் பிரேமலதா. "பத்தாயிரம் வருஷம் இருக்கலாம். கூடவும் இருக்கலாம். கரியை டெஸ்டுக்கு அனுப்பியிருக்கேன். வந்தாத்தான் சொல்ல முடியும்."

தை மாதக் கடைசியில் ஒரு காலை. முத்துமாரி பிரஷ்ஷால் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"ஏட்டி, இங்கன வா. வேரு மாதிரி என்னமோ இருக்கு."

தங்கத்தாய் குனிந்து பார்த்தாள். "வேரு இல்லட்டி. விலா எலும்பு."

அன்றைக்கும் மறுநாளும் வேறு எந்தக் குழியிலும் வேலை நடக்கவில்லை. பிரேமலதா பக்கத்திலேயே உட்கார்ந்து சொல்லச் சொல்ல, இருவரும் மூங்கில் குச்சியாலும் பிரஷ்ஷாலும் மண்ணை விலக்கினார்கள். இடப்பக்கம் ஒருக்களித்து, முழங்காலை நெஞ்சு வரை மடக்கி, ஒரு கையைக் கன்னத்துக்குக் கீழே வைத்துக் கிடந்தது ஓர் உடல். முழங்கை அருகே உள்ளங்கைக்கு அடங்குகிற ஓர் அரைக்கும் கல். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து, சோப்புக் கட்டி போல வழவழவென்று இருந்தது. இடுப்பெலும்பைப் பார்த்துவிட்டுப் பெண் என்று சொன்னார் பிரேமலதா.

"பல்லப் பாரேன், எப்படித் தேஞ்சிருக்கு" என்றாள் முத்துமாரி. "என்னத்த மென்னாளோ."

"எந்தத் தெருக்காரியா இருப்பா?" என்று கேட்டாள் தங்கத்தாய்.

"தெருவே இல்லாத காலம்ட்டி."

இருவரும் சிரித்தார்கள். பிரேமலதாவும் சிரித்தார்.

பேப்பரில் படம் வந்தது. 'நம் முன்னோர் வாழ்ந்த மலை' என்று தலைப்பு. அதற்குப் பிறகு வேனிலும் பைக்கிலும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டவர்கள் உண்டு. செல்ஃபி எடுத்தவர்கள் உண்டு. கொஞ்ச நாளில் பஸ் ஸ்டாப்பில் ஒரு ஃபிளக்ஸ் முளைத்தது. 'மலையை ஆண்ட முதற்குடி நாங்களே' என்று எழுதி, மேலத்தெருச் சங்கத்தின் பெயர் போட்டிருந்தது. நடுவில் சங்கத் தலைவர் சங்கரசுப்பு கைகூப்பி நின்றார். மறுநாள் அதற்கு எதிரே அதைவிட அரை மடங்கு பெரிதாக ஒன்று. அது கீழத்தெரு. அதில் ஆட்டுக்கிடா படமும் அரிவாளும் இருந்தன.

பிரேமலதா பயந்துபோய்ப் பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு கூட்டம் போட்டார். விளக்கிச் சொன்னால் புரிந்துகொள்வார்கள் என்று நினைத்தார்.

"இன்னைக்கு இருக்கிற எந்த ஜாதியும் அன்னைக்குக் கிடையாதுங்க. அந்த அம்மா எல்லாருக்கும் சொந்தம்."

சங்கரசுப்பு எழுந்தார். "அப்ப நாங்கள்லாம் வானத்துல இருந்து குதிச்சோமா மேடம்?"

மேலத்தெரு கைதட்டியது.

கீழத்தெருவில் இருந்து ஒருவன் கத்தினான். "பொத்தையில காலங்காலமா கிடை போடுதது யாரு? அப்ப அங்கன செத்துக் கிடக்கது யாரு? இதுக்குப் போயி கூட்டம் எதுக்கு?"

"டி.என்.ஏ. டெஸ்டு எடுத்தா தெரிஞ்சிரும்லா" என்றது இன்னொரு குரல்.

பிரேமலதா பொய் சொல்லத் தெரியாதவர். "எலும்புல டி.என்.ஏ. கிடைச்சா ஏதாவது தெரிய வாய்ப்பு இருக்கு. ஆனா இந்த ஊர் வெயிலுக்கு அது கிடைக்கிறது ரொம்பக் கஷ்டம்" என்றார். ஊர் முதல் வாக்கியத்தோடு கேட்பதை நிறுத்திக்கொண்டது. டெஸ்ட் எடுக்கப் போகிறார்கள், யார் என்று தெரிந்துவிடும் என்று அன்று மாலைக்குள் இரண்டு தெருவிலும் பேச்சு பரவியது. அதற்கு முன்பே பிரேமலதா ஒரு பல்லை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தார். அது அவருடைய குழுவுக்கு மட்டும்தான் தெரியும்.

வேலைத்தளத்தில் பெண்கள் தெருவுக்கு ஒரு பாறையாகப் பிரிந்து உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்கள். முத்துமாரியும் தங்கத்தாயும் மட்டும் ஒன்றாகவே உட்கார்ந்தார்கள். அது மகாராஜன் காதுக்குப் போனது.

"நாளையில இருந்து நீ போகாண்டாம்" என்றான்.

"ஏன்?"

"ஏன்னா என்ன ஏன்? சங்கரசுப்பு அண்ணாச்சி என்னைய நிக்க வச்சிக் கேக்காக. எம்பொண்டாட்டி கீழத்தெருக்காரி கூடச் சோத்தப் பங்கு வச்சித் தின்னுதான்னு."

அவன் கெட்டவன் இல்லை. குடிக்கமாட்டான், கை நீட்டமாட்டான். மகளுக்குத் தலை பின்னிவிடுகிற ஆள். ஆனால் சங்கரசுப்பு தோளில் கை போட்டுப் பேச ஆரம்பித்த நாளில் இருந்து, அவன் நடையே மாறிவிட்டது. வெறும் லோடு ஆட்டோக்காரனாக இருந்தவனைச் சங்கத்தில் பொருளாளர் ஆக்கியிருந்தார்கள்.

முத்துமாரி இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் பொத்தையில் ஒரே கூச்சல். காவலுக்கு இருந்தவர் டீ குடிக்கக் கீழே இறங்கிய நேரத்தில், யாரோ கடப்பாரையோடு குழிக்குள் இறங்கி எலும்புக்கூட்டை அடித்து நொறுக்கியிருந்தார்கள். காவல்காரர் திரும்பி வந்தபோது குழிக்குள் பேச்சிராஜா நின்றுகொண்டிருந்தான். சத்தம் கேட்டுக் கிடையில் இருந்து ஓடி வந்திருக்கிறான். மண்டியிட்டு, உடைந்த துண்டுகளைப் பொறுக்கி ஒன்றோடொன்று சேர்த்து வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். கையெல்லாம் எலும்புத் தூள்.

போலீஸ் அவனைப் பிடித்துக்கொண்டு போனது. "டெஸ்டுல அவங்க ஆளுன்னு வராதுன்னு தெரிஞ்சிருச்சு. அதான் உடைச்சிட்டானுவ" என்றது மேலத்தெரு. கீழத்தெருவிலும் சிலர் அவனைத்தான் திட்டினார்கள், தங்கள் பெருமையைத் தானே உடைத்துவிட்டான் என்று.

மறுநாள் காலை மகாராஜன் குளிக்கப் போயிருந்தான். பூ மூட்டை கட்டும் கயிறு வேண்டும் என்று மாமியார் கேட்டார். முத்துமாரி ஆட்டோவின் இருக்கையைத் தூக்கினாள். கயிற்றுக்கு அடியில் ஒரு ஈரிழைத் துண்டு சுற்றி வைத்திருந்தது. கனமாக இருந்தது. பிரித்தாள்.

அந்த அரைக்கும் கல். அதன் மேல் இருந்த மண்ணை அவள்தான் துடைத்தாள். விளிம்பில் இருந்த சின்ன வெடிப்பு வரைக்கும் அவளுக்குத் தெரியும்.

மகாராஜன் தலை துவட்டிக்கொண்டு வந்தபோது அவள் கல்லை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்தாள். அவன் மறைக்கவில்லை.

"நாந்தான். கூட ரெண்டு பேரு."

"ஏங்க உடைச்சீங்க?"

"டெஸ்டுல அவங்க ஆளுன்னு வந்துட்டா? பொறவு ஊருல நாம எங்கன மூஞ்சிய வைக்கது?"

"நம்ம ஆளுன்னு வந்திருந்தா?"

அவன் துண்டை உதறித் தோளில் போட்டான். "வராதுன்னாக அண்ணாச்சி. மலையில கெடந்தவ ஆட்டுக்காரியாத்தான் இருப்பான்னாக."

"இதை மட்டும் ஏன் எடுத்துட்டு வந்தீங்க?"

"உடைக்க மனசு வரல. குழவிக் கல்லு மாதிரி இருந்துச்சு" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "நீ வாயத் திறந்தா நான் உள்ள போயிருவேன். பிள்ளைய நினைச்சிக்கோ."

அவள் பிள்ளையை நினைத்தாள். கல்லைத் துண்டில் சுற்றி, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

அன்று மத்தியானம் தங்கத்தாய் மேலத்தெருவுக்கு வந்தாள். ஊர் இருந்த நிலையில் அது லேசான காரியம் இல்லை. வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு பேசினாள்.

"நீ வந்து ஸ்டேஷன்ல ஒரு வார்த்தை சொல்லுதியா பிள்ள? எந்தம்பி அப்படிப்பட்டவன் இல்லன்னு. மேலத்தெருக்காரி சொன்னா நம்புவாக. அங்கன தோண்டட்டும்னு கிடையவே தூக்கிட்டுப் போனவன் அவன். அவனா உடைப்பான்?"

முத்துமாரி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே மாமியார் இருமினார்.

"பாக்கேன்" என்றாள்.

"பாக்கேன்னா? இன்னைக்கு வருதியா?"

"அவுக வரட்டும். கேட்டுட்டுச் சொல்லுதேன்."

தங்கத்தாய் அவள் முகத்தையே பார்த்தாள். "சரி பிள்ள" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

முத்துமாரி மறுநாளும் போகவில்லை. அடுப்பில் சோறு குழைந்தது. தேன்மொழி கூப்பிட்டது காதில் விழவில்லை. இரண்டு முறை ஆட்டோவுக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டுத் திரும்பினாள்.

அதற்கும் மறுநாள் விடிந்ததும் கீழத்தெருவில் ஒப்பாரிச் சத்தம் கேட்டது. பேச்சிராஜா இல்லாததால் கிடைக்குக் காவலாகத் தங்கத்தாயும் ஒரு கிழவருமாக மாறி மாறி இருந்திருக்கிறார்கள். அவள் ஜாமீனுக்கு ஆள் பார்க்கச் சங்கரன்கோவில் போய்ச் சேர்ந்து திரும்புவதற்குள் கடைசி பஸ் போய்விட்டது. கிழவர் கண் அசந்துவிட்டார். திறந்த சரிவு, வெறும் முள் வேலி. நாய்க்கூட்டம் புகுந்து பாதிக்கு மேல் கடித்துப் போட்டுவிட்டது. புடவுக்குள் அடைத்திருந்தால் ஒரு நாயும் ஏறியிருக்காது.

முத்துமாரி போய்ப் பார்த்தாள். குட்டிகளின் கழுத்துகள் கிழிந்து கிடந்தன. தங்கத்தாய் செத்த ஆடுகளை ஒவ்வொன்றாகக் காலைப் பிடித்து இழுத்து ஒரு பக்கமாகப் போட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை. முத்துமாரி வந்ததைப் பார்த்தாள், அடுத்த ஆட்டின் காலைப் பிடித்தாள்.

முத்துமாரி வீட்டுக்குத் திரும்பி, துண்டோடு கல்லை எடுத்து ஒரு ஒயர் கூடையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். பிரேமலதா சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தார். வேலையை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்துவிட்டதால் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தார். கல்லைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, தேய்ந்த பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உடையல. ஒண்ணும் ஆகல" என்றார். பிறகுதான் எதிரே நிற்கிறவள் யார், கல் எப்படி அவளிடம் வந்தது என்பது அவருக்கு உறைத்தது. "உட்காருங்க முத்துமாரி" என்றார்.

அவள் உட்காரவில்லை. "ஸ்டேஷனுக்குப் போவோம் மேடம். இப்பவே போயிருவோம். வீட்டுக்குப் போயிட்டா நான் சொல்லமாட்டேன்."

சாயங்காலத்துக்குள் பேச்சிராஜாவை விட்டுவிட்டார்கள். மகாராஜனையும் மற்ற இருவரையும் பிடித்தார்கள். முத்துமாரி வீடு திரும்பியபோது தேன்மொழி பள்ளிக்கூடம் விட்டு வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய புத்தகப் பையும் முத்துமாரியின் துணிகளும் தெருவில் கிடந்தன. மாமியார் திட்டவில்லை. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டார். தெருவில் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

அவள் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு கீழத்தெருவுக்குப் போனாள். வேறு எங்கே போவது என்று தெரியவில்லை. தங்கத்தாய் முற்றத்தில் தம்பிக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். பேச்சிராஜா தலையைத் தூக்கவில்லை. தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தான்.

"என்னைக்குப் பாத்த அந்தக் கல்ல?" என்று கேட்டாள் தங்கத்தாய்.

முத்துமாரி சொன்னாள்.

"அப்ப நான் உன் வாசல்ல வந்து நின்னன்னைக்கு உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"அன்னைக்கே சொல்லியிருந்தா எந்தம்பி அன்னைக்கே வந்திருப்பான். ஆடு நின்னிருக்கும்." தங்கத்தாயின் குரல் உயரவே இல்லை. "இப்ப உனக்கு வீடு இல்லன்னதும் வந்திருக்க."

"அதுக்காக வரலட்டி."

"பிள்ளைக்குப் பசிக்கும். சாப்பிட்டுட்டுக் கூட்டிட்டுப் போ."

தேன்மொழிக்கு மட்டும் ஒரு தட்டில் சோறு வந்தது.

குழிகளைத் தார்ப்பாய் விரித்து மணல் கொட்டி மூடினார்கள். புடவுப் பாறையைச் சுற்றிக் கம்பி வேலி போட்டார்கள். ஆடுகளும் அதற்குள் போக முடியாது. மிஞ்சியதை விற்றுவிட்டுப் பேச்சிராஜா கேரளாவுக்குக் கட்டட வேலைக்குப் போனான். மகாராஜன் ஜாமீனில் வந்த அன்று மெயின் ரோட்டில் சுனைப்பட்டிக்குப் பிரிகிற விலக்கில் வேட்டு வெடித்து மாலை போட்டார்கள். அவன் படத்தோடு புது ஃபிளக்ஸ் வைத்தார்கள். 'மண்ணின் மானம் காத்த மாவீரனே வருக' என்று அதில் எழுதியிருந்தது. எந்த மானத்தை, எதில் இருந்து காத்தான் என்று யாரும் கேட்கவில்லை. ஊரில் இப்போது இரண்டு டீக்கடை.

முத்துமாரி சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் ஒரு மொத்தக் கடையில் பூ எடை போடும் வேலைக்குச் சேர்ந்தாள். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒற்றை அறை. தேன்மொழியை அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டாள். மகாராஜன் ஒரு தடவை வந்தான். மகளுக்குப் புது கவுன் வாங்கிக்கொண்டு வந்திருந்தான். "அண்ணாச்சி சொல்லுதாக, நீ ஸ்டேஷன்ல மாத்திச் சொன்னா வீட்டுக்கு வந்துரலாம்னு" என்றான். அவள் கவுனை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

ஆவணியில் ஒரு நாள் பிரேமலதாவிடம் இருந்து போன் வந்தது. ஆய்வகத்தில் இருந்து முடிவு வந்துவிட்டதாம்.

"ஒண்ணுமே கிடைக்கல முத்துமாரி. அந்தப் பல்லுல டி.என்.ஏ. சுத்தமா இல்ல. வெயில்லயும் ஈரத்துலயும் எப்பவோ அழிஞ்சு போச்சு. எலும்பு முழுசா இருந்திருந்தாலும் கிடைச்சிருக்காதுன்னு சொல்றாங்க."

"அப்ப அவ யாருன்னு…"

"யாருன்னு தெரியவே தெரியாது. அப்பவும் தெரிஞ்சிருக்காது. முப்பது, முப்பத்தஞ்சு வயசு. அவ்வளவுதான் சொல்லலாம்."

முத்துமாரி போனை வைத்துவிட்டுத் தராசுக்கு முன்னால் அப்படியே நின்றாள். கடைக்காரர் பிச்சையா அண்ணாச்சி, "என்னம்மா, பூ வாடுது" என்றார். இதை ஒரே ஒருத்தியிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தது அவளுக்கு.

சில வாரம் கழித்துத் தங்கத்தாயைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தாள். மேலநீலிதநல்லூர்ப் பக்கம் ஏதோ மில்லில் வேலைக்குப் போகிறாள் போல, கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. இளைத்திருந்தாள். தேன்மொழி முதலில் பார்த்துவிட்டு ஓடினாள். தங்கத்தாய் பிள்ளையின் தாடையைப் பிடித்து, "வளந்துட்டியே மக்கா" என்றாள். பையில் இருந்து ஒரு கொய்யாப்பழத்தை எடுத்துக் கொடுத்தாள்.

முத்துமாரி பக்கத்தில் போனாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், கேட்டதை அப்படியே சொன்னாள். பல்லில் ஒன்றும் இல்லை என்பதை. எலும்பு இருந்திருந்தாலும் தெரிந்திருக்காது என்பதை. அவளுக்கு நம் வயதுதான் இருக்குமாம் என்பதையும்.

தங்கத்தாய் முழுவதையும் கேட்டாள். கண் கொஞ்சம் கலங்கியது போல இருந்தது. பஸ் வந்து நின்றது, கண்டக்டர் ஊர்ப் பெயர்களைக் கூவ ஆரம்பித்தார்.

"இப்ப அதுக்கு என்ன செய்யச் சொல்லுத?" என்று கேட்டாள்.

தங்கத்தாய் தேன்மொழியின் தலையை ஒருமுறை தடவிவிட்டு, பையை மார்போடு அணைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் முண்டி ஏறினாள். முத்துமாரி நின்ற பக்கத்தில் ஜன்னலோர இருக்கை காலியாக இருந்தும், எதிர்ப்பக்கத்து ஜன்னலில் போய் உட்கார்ந்துகொண்டாள்.